மனிதமயமாக்கிய சுண்டெலிகளில் ஜிவிஎச்டி: அறிகுறியைக் கொண்டு பிழை கண்டறியும் வழிமுறை

குருத்தணு மாற்றத்துக்குப் பின் கொடையாளியின் டி செல்கள் (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள்) நோயாளியின் உடலையே தாக்கும் நிலையை ஆய்வுக்கூடங்களில் எல்லோரும் ஜிவிஎச்டி என்றே சொல்வதால், இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். மனித செல்களை ஏற்றிய எலிகளில் இந்நோயை ஆராய்கிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை ஒன்று உண்டு. மெலிந்து, கூன் விழுந்து, மயிர் சிலிர்த்து நிற்கும் எலியைக் கண்டவுடன் பதிவேட்டில் ஜிவிஎச்டி என்று எழுதிவிடுகிறார்கள். கதிர்வீச்சு, தொற்று, தாகம், மனித பி செல் கட்டி ஆகிய ஒவ்வொன்றும் எலியை ஏறக்குறைய இதே தோற்றத்துக்குக் கொண்டுவரும்.

இங்கே அடிப்படையாகக் கொள்ளும் அமைப்பு இது: 8 முதல் 12 வார வயதுள்ள என்எஸ்ஜி எலி (சொந்த நோயெதிர்ப்புச் செல்கள் ஏறக்குறைய இல்லாத வகை), 2 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) முழு உடல் கதிர்வீச்சு, அதன் பின் 24 மணி நேரத்துக்குள் வால் சிரை வழியாக 1 கோடி மனித பிபிஎம்சி (ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஒற்றை உட்கரு வெள்ளணுக்கள்). இந்த அமைப்பில் நோய் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குப் பிறகே தலைகாட்டும். ஆகவே எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியது நாள்காட்டி. அடுத்துப் பார்க்க வேண்டியவை, கதிர்வீச்சு பெற்றும் மனித செல் பெறாத கட்டுப்பாட்டு எலிகள். குழுவுக்கு இரண்டு கட்டுப்பாட்டு எலிகளையாவது வைக்காமல் தொடங்கிய பரிசோதனையில், கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு விடை கிடைக்காது.

அறிகுறி: ஊசி போட்ட சில நிமிடங்களில் எலி மூச்சுத் திணறி இறக்கிறது

இது நோயல்ல, நுரையீரல் அடைப்பு. முதலில் சிரிஞ்சை விளக்கொளியில் பிடித்துப் பாருங்கள். உறைநிலையிலிருந்து எடுத்த பிபிஎம்சியில் இறந்த செல்களிலிருந்து கசிந்த டிஎன்ஏ, செல்களை வெண்ணிற நூல் போல ஒட்டவைத்திருக்கும்; குழாயை மெதுவாகச் சாய்த்தால் அந்த நூல் தனியே மிதந்து வருவது கண்ணுக்கே தெரியும். அப்படித் தெரிந்தால் அந்தக் குழாயை டிஎன்ஏஸ் கொண்டு கழுவி, 40 மைக்ரான் சல்லடையில் வடித்த பிறகே பயன்படுத்த வேண்டும். சல்லடை கட்டியைத்தான் பிடிக்கும், ஒட்டும் தன்மையைப் போக்காது. வடித்து அரை மணி நேரம் காத்திருந்தால் மறுபடி கட்டி சேரும். வடித்த கையோடு ஊசி போடுங்கள், ஒவ்வொரு எலிக்கும் முன்பாகக் குழாயை ஒருமுறை கலக்குங்கள்.

கட்டி இல்லையென்றால் அளவும் வேகமும் காரணமாக இருக்கலாம். 200 மைக்ரோலிட்டருக்கு மேல் போகாமல், அறை வெப்பநிலைக்கு வந்த திரவத்தை நிதானமாகச் செலுத்துவது போதுமானது. இவற்றைச் சரிசெய்த பின்னும் அடுத்தடுத்து இரண்டு எலிகள் இறந்தால் அன்றைய வேலையை நிறுத்திவிட்டு, விலங்குக்கூடத்துக் கால்நடை மருத்துவரின் முன்னிலையில் மூன்றாவது எலிக்கு ஊசி போடுங்கள்.

அறிகுறி: முதல் 12 நாட்களுக்குள் எடை குறைகிறது

இந்த அறிகுறியில்தான் அதிகமானவர்கள் தடுமாறுகிறார்கள். கதிர்வீச்சுக்குப் பின் முதல் வாரத்தில் எடை சற்றே குறைந்து பிறகு மீள்வது இயல்பு. மீளாமல் இறங்கிக்கொண்டே போவதும், கட்டுப்பாட்டு எலிகளும் கூடவே இறங்குவதும்தான் பிழைக்கான அடையாளம்.

*கட்டுப்பாட்டு எலிகளும் மெலிந்தால்*, மனித செல்களைக் குற்றம் சொல்ல வழியில்லை. மிக எளிய காரணத்திலிருந்து தொடங்குங்கள். தண்ணீர்ப் புட்டியின் முனையை விரலால் தொட்டு, துளி வருகிறதா என்று பாருங்கள். ஒருமுறை ஒரே கூண்டிலிருந்த ஐந்து எலிகளும் எட்டாம் நாளில் மெலிந்தன. தொற்று என்று முடிவு செய்து மலம், ரத்தம் எல்லாவற்றையும் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகு, கூண்டு மாற்றும்போதுதான் புட்டி நிரம்பியபடியே இருந்ததைக் கவனித்தேன். புட்டி நிரம்பியிருந்தது நல்ல செய்தி என்று அத்தனை நாளும் எண்ணியிருந்தேன். கதிர்வீச்சு பெற்ற எலிக்கு மேல் தட்டில் இருக்கும் உணவை எட்டி எடுக்கும் தெம்பும் குறைவு. ஊறவைத்த உணவையோ ஜெல் உணவையோ தரையிலேயே வைத்துப் பாருங்கள். இரண்டு நாட்களில் எடை திரும்பினால் விவகாரம் அதோடு முடிந்தது.

அடுத்தது கதிர்வீச்சின் அளவு. என்எஸ்ஜி எலியின் செல்களால் டிஎன்ஏ முறிவைச் செம்மையாகப் பழுதுபார்க்க இயலாது என்பதால், சாதாரண எலி தாங்கும் அளவில் பாதியைக் கூட அது தாங்காது. 4 கிரேயை நெருங்கினாலே உயிருக்கு ஆபத்து. சீசியம்-137 கருவியாக இருந்தால், சுவரில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணை எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று பாருங்கள். சீசியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 30 ஆண்டுகள் என்பதால் அதன் வலிமை ஆண்டுக்கு 2.3 விழுக்காடு அளவில் குறையும். பழைய அட்டவணையில் குறைவாகக் கிடைக்கும், யாரோ இருமுறை திருத்தியிருந்தால் அதிகமாகக் கிடைக்கும். சீசியத்திலிருந்து எக்ஸ் கதிர்க் கருவிக்கு மாறிய ஆய்வுக்கூடங்கள் பழைய கிரே எண்ணை அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது, ஏனென்றால் அதே கிரேயில் எக்ஸ் கதிர் கூடுதலான உயிரியல் விளைவைத் தருவதுண்டு. இங்கே சந்தேகம் எழுந்தால் தாமதிக்காமல் கதிரியக்க இயற்பியலரை அழைத்து, எலி வைக்கும் பெட்டிக்குள்ளேயே அளவுமானியை வைத்து அளக்கச் சொல்லுங்கள். இதை நீங்களே ஊகித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

மூன்றாவது தொற்று. கதிர்வீச்சால் குடல் சுவர் பலவீனமானதும் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் ரத்தத்துக்குள் புகுகின்றன. அமிலமாக்கிய நீர், அல்லது கால்நடை மருத்துவர் ஒப்புக்கொண்ட எதிருயிரி கலந்த நீர், கதிர்வீச்சுக்கு முன்பிருந்தே தரப்பட்டதா என்று பாருங்கள். எதிருயிரி கலந்த நீரின் கசப்பினால் எலிகள் குடிப்பதையே குறைத்துக்கொள்வதும் உண்டு என்பதால் புட்டியை எடை போட்டு, குடித்த அளவைக் கணக்கிடுங்கள். மூச்சு வாங்குவதோடு மெலிந்தால் நியூமோசிஸ்டிஸ் நுரையீரல் தொற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதை வெறும் கண்ணால் ஜிவிஎச்டி நுரையீரலிலிருந்து பிரித்தறிய முடியாது. பிசிஆர் பரிசோதனைக்கும் நோய்க்குறியியலரிடமும் போவது இந்தக் கட்டத்தில்தான்.

*மனித செல் பெற்ற எலிகள் மட்டும் மெலிந்தால்*, செல்களின் எண்ணிக்கையை மறுபடி கணக்கிடுங்கள். நீர்த்தலைப் பெருக்க மறந்து 2 கோடி போய்ச் சேர்ந்திருக்கலாம். எண்ணிக்கை சரியாக இருந்தால் 10 முதல் 12 நாளில் தொடங்கும் வேகமான நோய் அந்தக் கொடையாளியின் குணமாகவும் இருக்கக்கூடும். ரத்தத்தில் மனித சிடி45 (வெள்ளணுக்களின் அடையாளப் புரதம்) உள்ள செல்லைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

அறிகுறி: 14ஆம் நாள் ரத்தத்தில் மனித செல்களே தெரியவில்லை

ஊசி போட்டவரைக் கேளுங்கள். வால் சிரையில் ஊசி சரியாக நுழைந்தால் தடையின்றித் திரவம் உள்ளே போகும். வெண்மையாகப் புடைத்தால் செல்கள் தோலுக்கடியில் தங்கிவிட்டன என்று பொருள். அந்த எலியின் எண்ணை அன்றைக்கே குறித்து வைக்காதவர்களுக்கு இப்போது செய்ய ஒன்றுமில்லை.

ஊசியில் பிழையில்லை என்றால் செல்களின் உயிர்த்தன்மையைப் பாருங்கள். உறைநிலையிலிருந்து எடுத்தவுடன், இறந்த செல்களை மட்டும் நிறமேற்றும் டிரைபான் நீலம் காட்டும் எண் பெரும்பாலும் நம்மைத் தேற்றுவதற்கான எண். சாகத் தொடங்கிவிட்ட செல்லின் சவ்வு அப்போது இன்னும் உடையாமல் இருக்கும். வளர்ப்பு ஊடகத்தில் இரண்டு மணி நேரம் வைத்திருந்து மறுபடி எண்ணினால் உண்மை தெரியும். அப்போது 90 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குகிற குழாயைக் கொண்டு புதிய தொடரைத் தொடங்குவதில்லை என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் வரம்பு.

மூன்றாவதாக, சாயமேற்றிய செல்களை ஒளியால் எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியைச் சோதியுங்கள். அந்தக் கொடையாளியின் பிபிஎம்சியில் கொஞ்சத்தைச் சாதாரண எலி ரத்தத்தில் கலந்து அதே சாய எதிர்பொருள்களால் சாயமேற்றுங்கள். மனித செல் தெரியவில்லை என்றால் பிழை எலியில் இல்லை, சாயத்திலோ சிவப்பணு உடைப்பிலோ இருக்கிறது. மனித சிடி45, எலி சிடி45 இரண்டையும் ஒரே குழாயில் போட்டு, இறந்த செல்களை நீக்கும் சாயத்தையும் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒளிரும் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இரட்டைச் செல்களே அன்றி, புது வகைச் செல் அல்ல.

விழுக்காட்டைப் பற்றி இங்கே ஓர் எச்சரிக்கை. மனித சிடி45 விழுக்காடு என்பது மனித, எலி வெள்ளணுக்களின் கூட்டுத் தொகையில் மனிதப் பங்கு. கதிர்வீச்சுக்குப் பின் எலியின் சொந்த வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருக்கும்போது, விரல்விட்டு எண்ணக்கூடிய மனித செல்களும் 10 விழுக்காடாகத் தோன்றும். எலியின் மஜ்ஜை மீண்ட பிறகு, மனித செல்கள் இரட்டிப்பானாலும் விழுக்காடு இறங்கக் கூடும். ஏழாம் நாள் 12 விழுக்காடு, பதினான்காம் நாள் 8 விழுக்காடு என்பதைப் பார்த்து ஒட்டு தோற்றுவிட்டது என்று தொடரையே கைவிட்டவர்கள் உண்டு. எண்ணிக்கை முன்பே தெரிந்த எண்ணும் மணிகளைச் சேர்த்து, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எத்தனை மனித செல் என்பதையும் விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் செல் இல்லையென்றால், எலி உண்மையிலேயே என்எஸ்ஜி தானா என்பது கடைசிக் கேள்வி. என்எஸ்ஜியில் முடக்கப்பட்டிருக்கும் ஐஎல்2ஆர்ஜி மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால், சொந்தமாக இனப்பெருக்கம் செய்யும் கூடங்களில் ஒரு நல்ல பிரதியைச் சுமக்கும் பெண் எலிகள் குழுவுக்குள் கலந்துவிடலாம்; அவற்றில் என்கே செல்கள் இருக்கும், மனித செல்களை அவை ஒழித்துக்கட்டும். என்கே செல்லைத் தேடும்போது என்கே1.1 எதிர்பொருளைப் பயன்படுத்தாதீர்கள், என்எஸ்ஜியின் மூலமான நாட் வகை எலிகளில் அது தெரியாது. என்கேபி46 சரியான தேர்வு. மரபணு வகைப்பாட்டை வெளியே அனுப்பிச் செய்வதற்குச் செலவாகும், ஆனால் இனப்பெருக்கக் கூண்டே பிழையாக இருந்தால் அடுத்த ஆறு மாத வேலையும் அதோடு போகும்.

அறிகுறி: மனித செல்கள் நிறைய உள்ளன, நோய் மட்டும் வரவில்லை

முதலில் பொறுத்திருங்கள். கதிர்வீச்சு இல்லாமல் செல் ஏற்றியிருந்தால் நோய் தாமதமாகவே வரும். பிறகு செல்களின் வகையைப் பாருங்கள். பிபிஎம்சி எலியில் உயிர்பிழைப்பவை பெரும்பாலும் சிடி3 செல்களே, அதாவது டி செல்களே என்பதால், மனித சிடி45 இருந்து சிடி3 இல்லையென்றால் கொடுத்த மாதிரியிலேயே டி செல் நீக்கப்பட்டிருக்கலாம். மூன்றாவதாக, எலி வகையின் முழுப் பெயரை அட்டையில் படியுங்கள்: எலியின் எம்எச்சி (செல்களின் மேற்பரப்பு அடையாளப் புரதம்) முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் நீக்கப்பட்ட என்எஸ்ஜி எலிகளும் விற்பனைக்கு உண்டு, மனித டி செல்கள் தாக்க வேண்டிய இலக்கே அவற்றில் இல்லை. இவை ஒவ்வொன்றும் சரியென்றால் கொடையாளியை மாற்றுங்கள். ஒரே கொடையாளியை வைத்து எடுத்த முடிவு அந்த ஒருவரைப் பற்றிய முடிவு என்பதால், குறைந்தது மூன்று கொடையாளிகளை முன்னோட்டமாகச் சோதித்து, ஒவ்வொருவருக்கும் நோய் தொடங்கும் நாளைப் பதிவு செய்து, மீதிக் குழாய்களை உறைநிலையில் சேமிப்பதை வழக்கமாக்குவது நல்லது.

அறிகுறி: ஒரே குழுவில் சில எலிகள் 20ஆம் நாளிலும் சில 50ஆம் நாளிலும் விழுகின்றன

ஊசிக் குழாயைக் கலக்காமல் அடியிலிருந்து எடுத்ததுதான் பெரும்பாலும் காரணம். கடைசியாக ஊசி பெற்ற எலிகள் கடைசியாகவோ முதலாவதாகவோ விழுகின்றனவா என்று வரிசையைப் பாருங்கள். மதிப்பெண் இடுபவர் மாறினாலும் இது நேரும். எடை, உடல் தோரணை (கூன்), சுறுசுறுப்பு, மயிர், தோல் ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை இடும் வழக்கமான மதிப்பீட்டில், எடை தவிர மற்ற நான்கும் பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தவை. எந்தக் குழு என்று அறியாத ஒருவரே தொடக்கம் முதல் முடிவு வரை இட வேண்டும். எலிகளைக் கூண்டு கூண்டாகச் சிகிச்சைக் குழுக்களுக்கு ஒதுக்கியிருந்தால், கூண்டின் வேறுபாட்டை மருந்தின் வேறுபாடாக எண்ணிவிடும் ஆபத்து இருக்கிறது. புள்ளியியலரைப் பரிசோதனை முடிந்த பிறகு அழைப்பதைவிட ஒதுக்கீட்டுக்கு முன்பு அழைப்பது மேல்.

அறிகுறி: தோல் உரிகிறது, மயிர் உதிர்கிறது

கூண்டுத் தோழன் மயிரைக் கடித்துப் பிடுங்கியிருந்தால் எல்லை கூர்மையாக இருக்கும், தோல் ஆரோக்கியமாக இருக்கும். கட்டுப்பாட்டு எலிகளிலும் செதில் உதிர்ந்தால் கோரினிபாக்டீரியம் போவிஸ் தொற்றைச் சந்தேகியுங்கள். தோலில் தேய்த்தெடுத்த பஞ்சைப் பிசிஆருக்கு அனுப்பினால் விடை கிடைக்கும். அது உறுதியானால் சிகிச்சையோடு தீராது, அறையையே தூய்மைப்படுத்த வேண்டியிருக்கும் என்பதால் முடிவு கால்நடை மருத்துவருடையது. செல் பெற்ற எலிகளில் மட்டும், மூன்று வாரங்களுக்குப் பின் தோல் சிவந்து உரிந்தால் ஜிவிஎச்டி ஆகலாம். தோல் துணுக்கில் மனித சிடி3 சாயம் தெரிந்த பிறகு எழுதுங்கள்.

அறிகுறி: காதும் பாதமும் வெளிறிப்போயின, எடை மட்டும் குறையவில்லை

எலியைக் கையில் எடுத்து, காது மடலை விளக்குக்கு எதிரே பிடித்தால் இயல்பான எலியில் சிவந்த நாளங்கள் தெரியும். அவை மங்கி, மடல் காகிதம் போல வெளுத்திருந்தால் மனித டி செல்கள் எலியின் மஜ்ஜையை அழிக்கத் தொடங்கிவிட்டன என்று கொள்ள இடமுண்டு. அடிக்கடி ரத்தம் எடுத்ததால் வந்த சோகையை முதலில் விலக்குங்கள். எடையை மட்டும் முடிவுநிலையாக (எலியைக் கருணையோடு கொல்ல வேண்டிய கட்டமாக) வைத்திருக்கும் நெறிமுறையில் இந்த எலிகள் இரவில் இறந்து காலையில் பயனற்ற உடலாகக் கிடக்கும். ஆகவே பெரும்பாலான நெறிமுறைகளில் உள்ள 20 விழுக்காடு எடை இழப்பு வரம்போடு, வெளிறலையும் அசைவின்மையையும் முடிவுநிலையாகச் சேர்க்க விலங்கு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெறுங்கள். மனித எஸ்சிஎஃப், ஜிஎம்-சிஎஸ்எஃப், ஐஎல்-3 ஆகிய வளர்ச்சிப் புரதங்களைச் சுரக்கும் எஸ்ஜிஎம்3 வகை எலிகளில் கடுமையான சோகை, விழுங்கு செல்களின் மிகைத் தூண்டலாலும் வருவதுண்டு. அதை ஜிவிஎச்டி கணக்கில் சேர்க்கக் கூடாது.

அறிகுறி: வயிறு தடிக்கிறது, மண்ணீரலில் முடிச்சுகள் தெரிகின்றன

மண்ணீரல் சற்றே பெருப்பது ஜிவிஎச்டியில் இயல்பு. வெண்ணிற முடிச்சுகள் தெரிந்தால் கொடையாளியின் பி செல்களில் ஒளிந்திருந்த ஈபிவி வைரஸ் கிளப்பிய பெருக்கமாக இருக்கலாம். மனித சிடி19 அல்லது சிடி20 கொண்ட பி செல்கள் பெருகியுள்ளனவா என்று ஃப்ளோவில் பார்த்து, பெருகியிருந்தால் நோய்க்குறியியலரிடம் ஈபிவிக்கான சாயத்தைக் கேளுங்கள். அந்த எலியை உயிர்பிழைப்பு வரைகோட்டில் ஜிவிஎச்டி மரணமாகக் காட்ட முடியாது.

அறிகுறி: சிடி34 குருத்தணு ஏற்றிய எலியில் எதிர்பாராத ஜிவிஎச்டி

இங்கும் நாள்தான் வழிகாட்டி. குருத்தணுவிலிருந்து புதிய மனித டி செல்கள் கணிசமாக உருவாக 12 வாரங்கள் வரை ஆகும். ஆகவே மூன்று முதல் ஆறு வாரங்களில் நோய் வந்தால், பிரித்தெடுப்பின்போது முதிர்ந்த டி செல்கள் கூடவே வந்துவிட்டன என்பதே முதல் சந்தேகம். சேமித்த மாதிரியில் சிடி3 பங்கைப் பாருங்கள், தேவையானால் காந்தப் பிரிப்பை இரண்டாம் முறை செய்யுங்கள். பல மாதங்களுக்குப் பின் வந்தால், குறிப்பாக மனிதத் தைமஸ் திசு பதித்த பிஎல்டி எலிகளில், அது மாதிரியின் ஆயுள் எல்லையே அன்றிக் கைப்பிழை அல்ல. பரிசோதனையை அதற்கு முன்பு முடிக்கும்படி திட்டமிட வேண்டும்.

அறிகுறி: நோயாளிகளுக்குப் பயன்படும் மருந்து எலியில் வேலை செய்யவில்லை

மருந்து தோற்றது என்று எழுதுவதற்கு முன், அது யாருடைய மூலக்கூறைப் பிடிக்கிறது என்று கேளுங்கள். இந்த எலியில் இரண்டு உயிரினங்களின் சைட்டோகைன்கள் (செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதங்கள்) கலந்து ஓடுகின்றன. டோசிலிசுமாப் என்ற எதிர்பொருள் மருந்து, ஐஎல்-6 என்ற சைட்டோகைனின் மனித ஏற்பியைப் பிடிக்கும், எலியின் ஏற்பியைப் பிடிக்காது. மனித ஐஎல்-6 எலியின் செல்களைத் தூண்டும், எலியின் ஐஎல்-6 மனித செல்களைத் தூண்டாது. ஆகவே மனித ஏற்பியை முழுதாக அடைத்தாலும் எலித் திசுவில் ஐஎல்-6 தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மனித ஐஎஃப்என்-காமா என்ற சைட்டோகைன் எலியின் ஏற்பியில் ஒட்டாது என்பதால், அதை அடைக்கும் மருந்தின் திசு மட்டப் பலனை இந்த எலியில் எதிர்பார்க்க முடியாது. டிஎன்எஃப் என்ற சைட்டோகைனை அடைக்கும் மருந்துகளில் இன்ஃப்ளிக்சிமாப் மனித டிஎன்எஃப்பை மட்டும் அடைக்கும், எட்டனர்செப்ட் மனித, எலி டிஎன்எஃப் இரண்டையும் அடைக்கும்; இவ்விரண்டுக்கும் வேறு வேறு முடிவு வந்தால் அது முரண்பாடு அல்ல, எலியின் விழுங்கு செல்கள் எவ்வளவு டிஎன்எஃப் தருகின்றன என்பதற்கான தடயம்.

இரண்டாவது, மருந்தின் கொல்லும் வழி. என்எஸ்ஜி எலியில் என்கே செல் இல்லை, நிரப்புப் புரதம் சி5 இல்லை. இவற்றை நம்பியிருக்கும் செல்நீக்கும் எதிர்பொருள்கள் மனித உடலில் காட்டும் வீச்சை இங்கே காட்ட மாட்டா. மூன்றாவது, மருந்து உடலில் தங்குகிறதா என்பது. என்எஸ்ஜி எலிக்குச் சொந்த ஐஜிஜி எதிர்பொருள் கிடையாது, அதனால் காலியாகக் கிடக்கும் எஃப்சி ஏற்பிகள் (எதிர்பொருளைப் பற்றும் ஏற்பிகள்) செலுத்திய எதிர்பொருளைப் பிடித்து இழுத்துக்கொள்கின்றன. சாதாரண எலியில் அளந்த அரை ஆயுளைக் கொண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று அட்டவணை போட்டால், பெரும்பாலான நாட்களில் எலி மருந்தில்லாமல் இருக்கக்கூடும். மருந்து கொடுத்த 1, 3, 7 ஆம் நாட்களில் இரண்டு எலிகளிடமிருந்து சீரம் எடுத்து அளந்தால் போதும், அட்டவணையை நெருக்க வேண்டுமா என்பது தெரிந்துவிடும். ருக்சோலிடினிப் போன்ற சிறு மூலக்கூறுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அவை எலியின் ஜேக் நொதிகளையும் அடைக்கும். மருந்து மட்டும் பெற்ற, மனித செல் பெறாத எலிகளின் ரத்த அணுக்களையும் எண்ணி வைக்காவிட்டால், மெலிவு எதனால் என்று பிரிக்க இயலாது. கரைப்பான் மட்டும் பெற்ற குழுவும் கட்டாயம் வேண்டும்.

சீரத்தில் மருந்து போதிய அளவில் இருந்து, இலக்கும் மனித செல்லில் இருந்து, அப்போதும் பலன் இல்லையென்றால், சிகிச்சை தொடங்கிய நாளைப் பாருங்கள். செல் ஏற்றிய மறுநாளே தொடங்கும் தடுப்பு முறையில் பலன் தந்த மருந்து, எடை இறங்கிய பிறகு தொடங்கினால் தராமல் போவது சாதாரணம். இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் மருந்தியலரையும், குருத்தணு மாற்றம் செய்யும் மருத்துவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, சீர அளவுகள், ஒரு மைக்ரோலிட்டருக்கான மனித செல் எண்ணிக்கை, நுரையீரல், கல்லீரல் துணுக்குகளின் மனித சிடி3 படங்கள், கட்டுப்பாட்டு எலிகளின் எடை வரைகோடு ஆகியவற்றை அவர்கள் முன் வையுங்கள். மதிப்பெண் அட்டவணையை மட்டும் எடுத்துச் சென்றால், மற்ற நான்கும் எங்கே என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கும்.